ஐந்து வகுப்புக்கு ஒரு திட்டம், அதில் மௌனிகாவுக்கு ஓர் இடம்

1. முதல் நாளே கூட்டம்

ரெஜினா எங்கள் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்த அன்றைக்கே அவரிடம் ஐந்து வகுப்பையும் ஒப்படைத்துவிட்டு நான் பி.இ.ஓ. என்கிற வட்டாரக் கல்வி அலுவலரின் ஆபீஸ் கூட்டத்துக்குப் போக வேண்டியதாயிற்று. காரமடைக்கு மேற்கே, கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி அது. நான் தலைமை ஆசிரியை. நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. ஒன்று முதல் மூன்று வரை உதவி ஆசிரியைக்கு. ஒருவர் கூட்டத்துக்குப் போனாலோ லீவு போட்டாலோ மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாளின் கூச்சல் காதிலேயே நிற்கும்.

"ஏனுங்க ரெஜினா, இன்னைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சுப்போடுங்க. பெரியவங்களுக்குப் போர்டுல கணக்கு எழுதி வெச்சிருக்கறேன். அவங்க பாட்டுக்குப் போட்டுட்டு இருப்பாங்க. சின்னதுகளை மட்டும் பாத்துக்கங்க, போதும்" என்றேன்.

"சரிங்க டீச்சர். நீங்க போய்ட்டு வாங்க" என்றார். கோயம்புத்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவர், ஸ்கூட்டரில் வந்திருந்தார். ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கேட் வரைக்கும் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாரோ என்று பயந்துபோய் வேகமாக நடந்தேன். எல்லோரும் பெரிய அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குவியல் கறிவேப்பிலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஈர்க்கில் இருக்கும் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் மூன்றும் இலையை வரைந்து அதன் கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள். என் நான்கும் ஐந்தும் கட்டுக் கட்டி, ஒரு மூட்டைக்கு எத்தனை கட்டு பிடிக்கும் என்று பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து அறையில் நான் போர்டில் எழுதி வைத்த கணக்கு அப்படியே இருந்தது.

"நல்லா பண்ணியிருக்கறீங்க" என்று சொன்னேன். வாய்தான் சொன்னது. வயிறு எரிந்தது. அதற்கு முன்னால் வேறொரு ஆசிரியையைப் பார்த்து எனக்கு அப்படி ஆனதே இல்லை.

2. என் போர்டும் அவர் கயிறும்

இளைய ஆசிரியர்கள் புரிந்துகொள்வதற்காக என் முறையைச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பங்கு பிரிப்பேன். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது இன்னொரு வகுப்பு எழுதும். எழுதி முடித்தவர்கள் வாய்ப்பாடு படிப்பார்கள். எந்த வகுப்பும் சும்மா இருக்காது. இதைப் பார்க்க ஒரு காலத்தில் பக்கத்து ஒன்றியத்திலிருந்தெல்லாம் ஆட்களை அனுப்பினார்கள். "பல்வகுப்புக் கற்பித்தல்னா சாந்தாமணி டீச்சர் ஸ்கூல்ல போயிப் பாருங்க" என்று சொன்ன அதிகாரிகள் உண்டு. அது என் பெயர்.

என் முறையில் ஒரு குறை இருந்தது, அது எனக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்கு என் பாடம் பாதி நேரம்தான் கிடைக்கும். மீதி நேரம் எழுதுகிறேன் என்று சும்மா கையை அசைத்துக்கொண்டிருக்கும். வேறு வழியில்லை என்று நான் விட்டிருந்தேன்.

ரெஜினா அப்படி விடவில்லை. அடுத்து வந்த கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து ஐந்து வகுப்புப் புத்தகங்களையும் பிரித்துப்போட்டு, வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று வருடத்துக்குமான திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர், வீடு, சந்தை, பயணம், நோய் என்று போகும். தலைப்பு எல்லோருக்கும் ஒன்று. வேலை மட்டும் அவரவர் நிலைக்கு. தமிழும் கணக்கும் சூழ்நிலையியலும் அதற்குள்ளேயே வந்துவிடும். பாடத்திட்டம் கேட்கும் கற்றல் விளைவுகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். அவர் மேல் இருந்த பிரியத்தில் தேடவில்லை.

பள்ளி திறந்ததும் ஐந்து வகுப்பையும் பெரிய அறையில் சேர்த்து அந்தத் திட்டப்படியே இருவரும் நடத்தினோம். அதில் சுவரோரமாக ஒரு கயிறு உண்டு. கயிறு நெடுக நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி, கதை என்று போகும். ஒவ்வொரு பிள்ளையின் பெயர் எழுதிய துணி கிளிப் அதில் மாட்டியிருக்கும். ஒரு நிலையை முடித்தால் கிளிப் அடுத்த இடத்துக்கு நகரும். எந்த வகுப்பு என்ற பேச்சே இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளைகள் காலையில் வந்ததும் பையை வைப்பதற்கு முன்னால் கயிற்றைத்தான் பார்ப்பார்கள். தாய்மார்களும் கேட்டுக்குள் எட்டிப் பார்த்து, "எம்பட புள்ள எங்க நிக்கறானுங்க டீச்சர்?" என்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்டது ரெஜினாவிடம். என்னிடம் சத்துணவு முட்டை வந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

3. பொன்னாடை

பி.இ.ஓ. ஒரு நாள் பள்ளிப் பார்வைக்கு வந்தார். ஒரு மணி நேரம் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"சாந்தாமணி டீச்சர், இவங்களை எங்க வெச்சிருந்தீங்க இத்தன நாளா? இத அப்படியே நம்ம ஒன்றியம் பூராவும் கொண்டு போயறலாம் போங்க."

அடுத்த தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கு ரெஜினாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். போனோம். திட்டத்தை ரெஜினா விளக்கினார். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். முடிந்ததும் பி.இ.ஓ. ஒரு பொன்னாடையைக் கொண்டுவரச் சொன்னார். அவரே போர்த்துவார் என்று நினைத்தேன். அவர் அதை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே போடுங்க டீச்சர். ஹெச்.எம். கையில வாங்கறதுதான் அவங்களுக்குப் பெருமை."

அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. எனக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார். நான் போர்த்தினேன். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் போர்டைப் பார்க்க வந்திருந்த ஆசிரியர்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

ரெஜினா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தேன்.

4. டி.சி. கேட்டு வந்த தாய்

இரண்டாம் பருவம் தொடங்கிய சமயம். நான்காம் வகுப்பில் மௌனிகா என்று ஒரு பெண். அவள் தங்கை யாழினி இரண்டாம் வகுப்பு. மௌனிகா சில நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. யாழினியிடம் கேட்டால், "அக்காவுக்கு வயித்து வலிங்க" என்பாள். ஒரு காலையில் அவர்களுடைய அம்மா செல்வி வந்தாள். பக்கத்து நூல் மில்லில் வேலை, ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தாள்.

"டீச்சர், ரெண்டு பேத்துக்கும் டி.சி. குடுத்துருங்க. வேன் வர்ற இங்கிலீசு பள்ளிக்கொடத்துல கேட்டுட்டேனுங்க. சேத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"ஏனுங்க செல்வி, என்னாச்சு?"

"என்னாச்சோ ஆருக்குத் தெரியுதுங்க? பெரியவ பள்ளிக்கொடம்னாலே அழுவறா. காரணம் கேட்டா வாயே தெறக்கறதில்ல. சின்னவளைப் பாத்தாலே எரிஞ்சு எரிஞ்சு விழுவறா. ஊட்டுல தெனமும் சண்டைங்க. வேற எடத்துல போட்டாச் சரியாப் போயிருமுங்க."

இரண்டு பிள்ளைகள்தானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். எங்களுடையது சின்னப் பள்ளி. ஒரு வீடு வேனில் ஏற்றினால் அந்த வீதியே ஏற்றும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் இருவரில் ஒருவரை மாற்றுப்பணிக்கு வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். கடைசியாக வந்தவர்தான் போக வேண்டும். அது ரெஜினா.

அந்தக் கணக்கு என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று எழுதினால் இந்தக் குறிப்பை எழுதுவதிலேயே அர்த்தம் இல்லை. டி.சி. கையெழுத்து என்னுடையது. பெற்றோர் எழுதிக் கொடுத்தால் மறுக்கவும் முடியாது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, கேட்டதைக் கொடுத்தால் போதும். கயிறு, கிளிப், பொன்னாடை எல்லாம் வேறு ஊருக்குப் போய்விடும்.

பெரிய அறையிலிருந்து பிள்ளைகள் ரெஜினாவோடு சேர்ந்து பாடுவது கேட்டது. யாழினி குரல் தனியாகத் தெரிந்தது.

"சாயந்தரம் நான் ஊட்டுக்கு வாரேன். மௌனிகாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன். அப்புறமும் வேணும்னா நாளைக்கே எழுதித் தர்றேன்" என்றேன்.

5. "நானே நகர்த்தணும்னு சொன்னாங்க"

செல்வியின் வீடு கிளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நான் போனபோது யாழினி வெளியே விளையாடப் போயிருந்தாள். மௌனிகா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். செல்வி டீ வைக்க உள்ளே போனாள்.

"கண்ணு, இங்க வா. வயித்து வலி எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க."

"தங்கச்சி மேல கோவமா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"ரெஜினா டீச்சர் திட்டினாங்களா?"

"இல்லீங்க. அவங்க திட்டவே மாட்டாங்க."

பின்பு அவளே சொன்னாள்.

"யாழினி பத்திக்குப் போயிட்டாளுங்க. நான் வாக்கியத்துலயே நிக்கறேன். அன்னைக்கு டீச்சர் எல்லாத்தையும் கைதட்டச் சொன்னாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, அக்காதானே, நீயே தங்கச்சி கிளிப்பை நகர்த்தி வெய்யின்னாங்க."

"நகர்த்துனியா?"

"ம்."

"அப்புறம்?"

"கைதட்டுனேனுங்க."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கூட்டத்திலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தபோது ஜன்னல் கண்ணாடியில் பார்த்த முகம் அது. எனக்கு அறுபது நெருங்கும்போது தாங்க முடியாமல் போன ஒன்றை ஒன்பது வயதில் இவள் தாங்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறோம். எனக்காவது தனியாகப் பஸ் ஏறி என் வீட்டுக்குப் போக முடிந்தது. இவள் அந்தத் தங்கையோடுதான் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும், ஒரே பாயில் படுக்க வேண்டும்.

"ஒரு வாரம் வந்து பாரு கண்ணு. கயிறு இருக்காது. அதுக்கு நானாச்சு" என்றேன்.

செல்வி டீயோடு வந்து நின்றிருந்தாள். "ஒரு வாரம்தானுங்க டீச்சர். அதுக்கு மேல முடியாது" என்றாள்.

6. திட்டத்தைப் பிரித்தது

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன் ரெஜினாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் குற்றம் கண்டுபிடித்த சந்தோஷம் குரலில் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் அவளைப் பெருமைப்படுத்தறதாத்தாங்க நெனச்சேன், டீச்சர். அக்கா கையால பண்ணுனா ரெண்டு பேருக்கும் சந்தோசமா இருக்கும்னு..."

"தெரியும். அதனாலதான் அவளுக்கு வலிக்கும்னு உங்களுக்குத் தோணலை."

கயிற்றில் இருந்த கிளிப்புகளைப் பார்த்தபடி சொன்னார். "எங்க வீட்டுல நான் கடைசிப் பொண்ணுங்க. அக்காங்களைவிட நான்தான் எப்பவும் நல்லா படிப்பேன். அவங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்லைங்க."

அன்றே கயிற்றைக் கழற்றினார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே கழற்றினார். நிலைகளை அவர் தன் பதிவேட்டில் மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை. யாழினி நன்றாகப் படிப்பதும் மௌனிகா தடுமாறுவதும் கயிறு இல்லாவிட்டாலும் அறையில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

அந்த வாரம் இருவரும் பள்ளி விட்ட பிறகு தினமும் உட்கார்ந்தோம். அவர் திட்டத்தின் உயிர் எதுவென்றால், வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது. அதில்தான் சிக்கலும் இருந்தது. வாசிப்பில் நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுக்கு உயரம் உண்டு, கை பலம் உண்டு, ரோட்டைத் தாண்டிப் போகும் உரிமை உண்டு, பெரியவர்களிடம் நின்று பேசும் தைரியம் உண்டு. எங்கள் திட்டத்தில் அதற்கெல்லாம் வேலையே இல்லை.

"வாரத்துல ஒவ்வொரு புள்ளைக்கும் ரெண்டு வேலை குடுக்கலாம். ஒண்ணு நிலைக்கு, ஒண்ணு வயசுக்கு" என்றேன்.

"வயசு வேலைன்னா?"

"சின்னதுக செய்யவே முடியாத வேலை. படிப்புல எங்க இருந்தாலும் நாலும் அஞ்சும் மட்டும் செய்யற வேலை. ஆனா அதைச் செய்யாம மத்தவங்க பாடம் நகரக் கூடாது. விளையாட்டுக்குக் குடுக்கற வேலையா இருந்தா புள்ளைக கண்டுபிடிச்சுரும்."

ரெஜினா உடனே பிடித்துக்கொண்டார். அந்த வேகத்தைப் பார்த்தும் எனக்கு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் என்ற வாரத்துக்கு, பெரியவர்கள் ஊர்த் தொட்டி வரை போய், தண்ணீர் விடும் ஆளைப் பேட்டி எடுத்து வர வேண்டும். அந்தப் பேட்டியிலிருந்துதான் சின்னவர்களின் வாசிப்புப் பாடம் தயாராகும். சந்தை வாரத்துக்கு, சத்துணவுக் கூடத்துத் தராசில் அவர்கள் எடை போட்டுச் சொல்வதுதான் கீழ் வகுப்பின் கணக்கு.

இன்னொரு விதியையும் எழுதினோம். கூடப்பிறந்தவர்கள் ஒரே நேரத்தில், ஒரே அறையில் சத்தம்போட்டு வாசிக்கக் கூடாது. யாழினி பெரிய அறையில் ரெஜினாவிடம் வாசிக்கும்போது மௌனிகா பக்கத்து அறையில் என்னிடம் வாசிப்பாள். புத்தகத்தில் வகுப்பு எண் தெரியாமல் அட்டை போட்டுக்கொள்வோம்.

7. தண்ணீர் வாரம்

மௌனிகா வந்தாள். முதல் நாள் சுவரைத்தான் பார்த்தாள். கயிறு இல்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தொட்டிக்கு நான்தான் பெரியவர்களைக் கூட்டிப் போனேன். தண்ணீர் விடும் ஆள் பழனிச்சாமி, எதற்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். மௌனிகா கேட்டாள்.

"ஏனுங்க, எங்க வீதிக்கு மட்டும் ஏன் கடைசியா விடறீங்க?"

பழனிச்சாமி சிரித்துவிட்டார். "ஆரு புள்ள நீ? உங்க வீதி மேடு அம்மணி. கீழ் வீதிக நெறைஞ்ச பொறவுதான் மேட்டுக்கு ஏறும்."

"அப்ப மேட்டுக்கு மொதல்ல விட்டுட்டுக் கீழ் வால்வை அடச்சு வெச்சா ஏறாதுங்களா?"

அவர் வால்வை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அது நல்ல கேள்வி.

திரும்பி வந்து பெரிய அறையில் அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ரெஜினா போர்டில் எழுத எழுத அதுதான் அன்றைய வாசிப்புப் பாடம் ஆனது. யாழினி அதை உரக்க வாசித்தாள். "மேட்டு வீதிக்குத் தண்ணீர் கடைசியில் வருகிறது" என்ற இடத்தில் நிறுத்தி, "இது எங்க அக்கா கேட்டது" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள்.

மௌனிகா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆனால் சாயந்தரம் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். வாரம் முடிந்தும் செல்வி டி.சி. கேட்டு வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

மௌனிகாவின் வாசிப்பு ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதுதான் கதை படிக்கும் நிலைக்கு வந்தாள். அதுவரைக்கும் வயிற்று வலி என்று சொல்லி ஒரு நாளும் வீட்டில் நின்றுவிடவில்லை.

8. யார் பெயரில்

அந்தத் திட்டம் அடுத்த வருடம் ஒன்றியம் முழுவதும் போனது. ரெஜினா மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் ஆனார். பயிற்சியில் முதல் வார்த்தையாக, "வயசு வேலைங்கறது எங்க ஹெச்.எம். சாந்தாமணி டீச்சர் கொண்டு வந்தது" என்று சொல்வார். ஒவ்வொரு முறையும் சொன்னார். ஆனாலும் எல்லோர் வாயிலும் அது "ரெஜினா மாடல்" என்றே நின்றுவிட்டது. பிறகு மாறுதலில் அவர் போய்விட்டார். நான் அந்தப் பள்ளியிலேயே ஓய்வு பெற்றேன்.

போன மாதம் அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு புது ஆசிரியை போன் செய்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"ரெஜினா மேடம் மாடல்லதாங்க நடத்தறேன். ரொம்ப நல்லா இருக்குதுங்க. நேரம்தான் பத்தறதில்ல. அந்த வயசு வேலையை மட்டும் விட்டறலாங்களா? அதுல மதிப்பெண்ணும் இல்லீங்களே."

பெயரைக் கேட்டதும் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்றது. அது போகாது போலிருக்கிறது.

"வேற எதை வேணாலும் விடுங்க அம்மணி. அதை மட்டும் விடாதீங்க."

"ஏனுங்க?"

நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பல வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்தால் சின்னது பெரியதைத் தாண்டும். தாண்டத்தான் வேண்டும், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் திட்டம் போடும்போது, தாண்டிப் போகிற பிள்ளைக்கு என்ன வேலை என்று எழுதும் அதே நாளில், தாண்டப்படுகிற பிள்ளைக்கு எது சொந்தம் என்றும் எழுதிவிடுங்கள். தனக்கென்று ஒன்று இருந்தால் மனுசருக்குப் பொறாமையோடும் பக்கத்தில் உட்கார முடியும். அது இல்லாவிட்டால் வேன் ஏறிப் போய்விடத்தான் தோன்றும்.

"இது ரெஜினா மேடம் சொன்னதுங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லீங்க. இது நான் சொன்னது" என்றேன்.